நேரடி அட்டவணையும் சங்கத்தின் வாக்கும்

கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் இரு வகைப்படும். அங்கத்தினர்கள் செலுத்தும் பங்குத் தொகை ஒன்று. சங்கத்தின் கணக்கின் மீது அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை மற்றொன்று. முதலாவது குறைந்தால் கடன் பெற்று நிரப்பலாம். இரண்டாவது குறைந்தால் அதை எந்த வங்கியும் கடனாகத் தராது. ஆகையால் கணக்கை எழுதும் முறையோ, அதை அங்கத்தினருக்குக் காட்டும் முறையோ மாறும்பொழுதெல்லாம், அம்மாறுதலைத் தீர ஆராய்ந்த பின்னரே ஏற்பது நமது கடமையாகும்.

அத்தகைய மாறுதல் ஒன்று இப்பொழுது நம் வாயிலில் வந்து நிற்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் விலை எழுதிய பலகையின் இடத்தில் கணினித் திரை வருகிறது. அத்திரையில் உள்ள அட்டவணை, எவரும் தொடாமலே, கண் முன்னே தானாக மாறிக்கொண்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி தேசிய வேளாண் சந்தையான இ-நாம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் 8 மாநிலங்களின் 21 சந்தைகள் அதில் சேர்ந்தன. பின்னர் நமது ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் பலவும் சேர்ந்துள்ளன. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களின் நூல் இருப்பும் துணி வரவும் இதே வழியில்தான் செல்லப் போகின்றன.

இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். தானாக மாறும் அட்டவணை என்பது சங்கம் தன் அங்கத்தினருக்கு நொடிதோறும் அளிக்கும் வாக்காகும். அவ்வாக்கு எந்த நேரத்தில் மெய், எந்த வரி யாருக்கு உரியது, எது முடிந்த கணக்கு, எது முடியாதது என்பவற்றை அந்த அட்டவணையே சொல்ல வேண்டும். சொல்லாத அட்டவணை எவ்வளவு அழகாக ஓடினும், அதைச் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளலாகாது.

முதலில் இது நடைபெறும் விதத்தைச் சிறிது விளக்குவோம். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகவியல் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் பயின்று வந்தார். அங்கு ஆசிரியர் கரும்பலகையில் அட்டவணை எழுதிக் கணக்கிடுவார். ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கும். ஓர் எண்ணை மாற்றியவுடன் மற்றவை தாமாகவே மாறினால் என்ன என்ற எண்ணம் பிரிக்ளினுக்கு உதித்தது. பாப் பிராங்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து அவர் ஆக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் 1979-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கட்டத்தில் எண் மாறினால் அதைச் சார்ந்த கட்டங்கள் அனைத்தும் மாறும் என்ற அந்த விதியே இன்றைய நேரடி அட்டவணைக்கும் அடிப்படையாகும்.

இவ்விதியை இணையத் திரைக்குக் கொண்டுவந்த கருவிகள் பின்னர்த் தோன்றின. 2013-இல் பேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்ற கருவியைப் பொதுவில் வெளியிட்டது. 2014-இல் எவன் யூ என்பவர் வியூ என்ற கருவியை வெளியிட்டார். இவற்றில் திரையானது சிறு சிறு உறுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது: அட்டவணை ஓர் உறுப்பு, அதில் ஒரு வரி ஓர் உறுப்பு, வரியில் ஒரு கட்டம் ஓர் உறுப்பு. தரவு மாறினால் அதைச் சார்ந்த உறுப்பு தானே தன்னைத் திருத்திக்கொள்கிறது. ரியாக்ட் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மட்டும் மாற்றுகிறது. வியூவோ, எந்த உறுப்பு எந்தத் தரவைப் பயன்படுத்துகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அது மாறும்போது அந்த உறுப்புக்குத் தெரிவிக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அந்த இழையைத்தான் பிணைக்கிறார். பாவு முழுவதையும் கழற்றுவதில்லை. ஆயிரம் வரிகள் உள்ள அட்டவணையில் ஒரு விலை மாறும்போது நடப்பதும் அதுவே.

மாறிய தரவு திரையை வந்தடையும் வழிகள் பல உள்ளன. சில நொடிகளுக்கு ஒருமுறை திரை தானே மையக் கணினியை வினவுவது ஒரு வழி. திறந்த தொடர்பு ஒன்றை வைத்துக்கொண்டு, மாறுதல் நேர்ந்தவுடன் மையக் கணினியே செய்தியை அனுப்புவது மற்றொரு வழி. பின்னதற்குரிய வெப்சாக்கெட் என்னும் நெறிமுறை 2011 டிசம்பரில் வரையறுக்கப்பட்டது. முதல் வழியில் கேள்விக்கும் கேள்விக்கும் இடையே உள்ள காலம் பழையதாகிவிடுகிறது. இரண்டாவது வழியில் தொடர்பு அறுந்தால் செய்தி நின்றுவிடுகிறது. இரண்டிலும் திரை மட்டும் முன்போலவே ஒளிவீசிக் கொண்டிருக்கும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே நமது முதலாவது கோரிக்கை நேரத்தைப் பற்றியது. பலகையில் எழுதிய விலையைப் பார்ப்பவர், அது காலையில் எழுதியதா, நண்பகலில் எழுதியதா என்று கேட்டறிவது வழக்கம். ஓடும் அட்டவணையைப் பார்ப்பவர் அவ்வாறு கேட்பதில்லை. அது இந்த நொடியின் விலை என்றே நம்பிவிடுகிறார். இந்நம்பிக்கை பொய்த்தால் விளையும் கேட்டிற்கு வரலாற்றில் பெரிய சான்று ஒன்றுண்டு. 1867-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் பங்குச் சந்தையின் விலைகள் தந்திக் கருவி வாயிலாகக் காகித நாடாவில் அச்சாகி ஊர் ஊராகச் சென்றன. அக்காலத்து நேரடி அட்டவணை அது. 1929 அக்டோபர் 24-ஆம் தேதி விலைகள் சரியத் தொடங்கின. அன்று ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேற்பட்ட பங்குகள் கைமாறின. கருவியால் அவ்வளவு வேகமாக அச்சிட இயலவில்லை. பிற்பகல் 3 மணிக்குச் சந்தை மூடிய பின்னரும் அந்த நாடா இரவு 7 மணி கடந்து ஓடிக்கொண்டிருந்தது. நாடாவில் கண்ட விலைக்கும் சந்தையில் நிகழ்ந்த விலைக்கும் மணிக்கணக்கில் இடைவெளி. தம் பங்கு என்ன விலையில் நிற்கிறது என்பதை அறிய இயலாத மக்கள் அச்சங்கொண்டு மேலும் விற்றனர். சரிவுக்குக் காரணம் நாடா அன்று. ஆனால் சரிவைக் கலவரமாக்கியதில் அதற்கும் பங்குண்டு.

நம் அளவில் இதைச் சிந்திப்போம். விற்பனைக் கூடத்திற்குப் பருத்தி கொண்டுவந்த ஒருவர், கேட்கப்பட்ட உயர்ந்த விலை இதுவென்று திரையில் காண்கிறார். அதை ஏற்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. திரை அரைமணி நேரத்துக்கு முன்பே உறைந்து நின்றுவிட்டதென்றால் அவ்வுரிமைக்குப் பொருள் என்ன? கண்ணைக் கட்டிவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும் அது. ஆகையால் ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும், கடைசியாகத் தரவு வந்த நேரம் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். குறித்த காலத்துக்குள் புதிய செய்தி வராவிடில் எண்கள் மங்கி, "தொடர்பு இல்லை, இது இத்தனை மணிக்குரிய விலை" என்ற வாசகம் தமிழில் தோன்ற வேண்டும். தாமதத்தை மன்னிக்கலாம். மறைக்கப்பட்ட தாமதத்தை மன்னிக்கலாகாது.

இரண்டாவது கோரிக்கை வரியின் அடையாளம் பற்றியது. சங்கத்தில் அங்கத்தினர் எண் என்று ஒன்று கொடுத்திருக்கிறோம். வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் என்று எவரையும் நாம் பேரேட்டில் எழுதுவதில்லை; ஏனெனில் வரிசை மாறும், ஆள் மாறார். கணினி அட்டவணையிலும் ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்று தரப்பட வேண்டும். ரியாக்ட் கருவியில் இதற்குச் சாவி என்று பெயர். இதைச் செய்யாமல் வரிசையின் இடத்தையே அடையாளமாகக் கொள்ளும் சோம்பல் சில இடங்களில் நேர்கிறது. வரிசை மாறும் பட்டியலில் அவ்வாறு செய்யலாகாதென்று அக்கருவியின் விளக்க ஏடே எச்சரிக்கிறது. அதன் பலன் என்னவாகும்? எழுத்தர் மூன்றாவது வரியில் ஒருவருடைய துணியின் அளவைப் பதிந்துகொண்டிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் மேலே புதிய வரி ஒன்று சேர்கிறது. மற்ற வரிகள் ஒரு படி கீழே இறங்குகின்றன. அடையாளம் இடத்தைச் சார்ந்ததாக இருந்தால், பாதி எழுதிய அளவு மூன்றாம் இடத்திலேயே தங்கி, வேறொருவர் பெயருக்கு நேரே நிற்கும். எழுத்தரும் குற்றமற்றவர்; அங்கத்தினரும் குற்றமற்றவர். எனினும் ஒருவர் நெய்த 6 கஜம் மற்றவர் கணக்கில் ஏறிவிடும்.

சரியான சாவி இருந்தாலும் மற்றோர் இடர் உண்டு. விரல் வைக்கப் போகும் கணத்தில் வரிகள் இடம் பெயர்ந்தால், கை ஒருவரைத் தொட நினைத்து வேறொருவரைத் தொட்டுவிடும். எனவே எவரேனும் எழுதிக்கொண்டிருக்கும்போது வரிகள் நகரலாகாது. "புதிய வரிகள் 4 வந்துள்ளன" என்று மேலே அறிவித்துவிட்டு, எழுதுபவர் இசைந்த பின்னரே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையை எல்லாவற்றிலும் முக்கியமானதாக நாம் கருதுகிறோம். ஓர் எண்ணை மாற்றினால் சார்ந்த எண்கள் யாவும் மாறும் என்பது இந்த முறையின் சிறப்பு என்றோம். அச்சிறப்பே தவறான இடத்தில் பெருங்கேடாகும். 60-ஆம் நம்பர் நூலில் நெய்த துணிக்கு இன்று கூலி விகிதம் உயர்கிறது என்போம். திரையில் உள்ள கூலிப் பட்டியல், நெய்த அளவை இன்றைய விகிதத்தால் பெருக்கிக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தால், சென்ற மாதத்துக் கூலியும் அந்த நொடியே மாறிவிடும். பட்டுவாடா செய்து கையொப்பம் பெற்ற தொகை ஒன்று. திரை காட்டும் தொகை வேறொன்று. தணிக்கையாளர் எதை நம்புவார்? அங்கத்தினர் எதை நம்புவார்? விகிதம் குறையும்போது, கொடுத்த கூலியைச் சங்கம் திரும்பக் கேட்பது போன்ற தோற்றமும் உண்டாகும்.

ஓடும் கணக்கு வேறு. முடிந்த கணக்கு வேறு. இன்றைய ஏல விலை, இப்போதைய நூல் இருப்பு, கடையில் எஞ்சியுள்ள சேலைகளின் எண்ணிக்கை ஆகியவை ஓடும் கணக்குகள். அவை தானாக மாறட்டும். விற்ற விலை, கொடுத்த கூலி, பெற்ற கடன் ஆகியவை முடிந்த கணக்குகள். அவற்றில் அன்றைய விகிதமே எண்ணாகப் பதிந்து நிற்க வேண்டும், இன்றைய விகிதத்தின் நிழல் அவற்றின் மீது விழலாகாது. பிழை இருந்தால் பழைய வரியை அழியாது வைத்துத் திருத்த வரி ஒன்று சேர்க்க வேண்டும். பேரேட்டில் மை கொண்டு எழுதிய காலத்தில் நம் கணக்கர்கள் சுரண்டி அழிப்பதைக் குற்றமாகக் கருதினார்கள். கணினியில் சுரண்டிய தழும்பு தெரியாது என்பதால் அக்குற்றம் குற்றமல்லாது போய்விடாது.

நான்காவதாக, உறுதிப்பட்டதும் உறுதிப்படாததும் கண்ணுக்கு வேறாகத் தோன்ற வேண்டும். விரைவு கருதி, எழுத்தர் பதிந்தவுடனேயே மையக் கணினியின் ஒப்புதல் வருமுன் திரையில் அதைக் காட்டிவிடும் வழக்கம் உண்டு. கிராமத்துத் தொடர்பு அறுந்து அறுந்து வரும் நிலையில் இது வசதியானதே. ஆனால் இரு கிளைகளில் இரு எழுத்தர்கள் ஒரே இருப்பிலிருந்து நூல் வழங்குவதாகப் பதிந்தால், இரு திரைகளும் வழங்கியாயிற்று என்று காட்டும். கிடங்கிலோ ஒருவருக்குரிய நூல்தான் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி திரைச் சுரைக்காய்க்கும் பொருந்தும். திரையை நம்பி வந்து வெறுங்கையுடன் திரும்பும் நெசவாளருக்குத் தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. ஒப்புதல் வரும்வரை அவ்வரி "காத்திருக்கிறது" என்ற குறியுடன் நிற்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பதிப்பு எண் ஒன்று வைத்து, இடையில் வேறொருவர் அதை மாற்றியிருந்தால் இரண்டாம் பதிவை ஏற்காமல் எழுத்தருக்கு அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, அட்டவணை படிப்பவருடைய கண்ணுக்கும் கைக்கும் அடங்கியதாக இருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல் நெறிகளின்படி, தானாக மாறும் செய்தியை நிறுத்தவோ, மறைக்கவோ, மாறும் வேகத்தைக் கட்டுப்படுத்தவோ படிப்பவருக்கு வழி இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் கொண்டு பொருளை உணர்த்தலாகாது. உயர்ந்த விலைக்குப் பச்சை, தாழ்ந்த விலைக்குச் சிவப்பு என்று காட்டுகிறார்கள். இவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்கள் பல உள்ளன. பக்கத்தில் "ஏற்றம்", "இறக்கம்" என்று ஒரு சொல் எழுதுவதால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. மேலும் அங்கத்தினர் பலரிடம் உள்ளவை விலை குறைந்த கைபேசிகள். பல்லாயிரம் வரிகளையும் ஒருசேர வரைந்தால் அவை திணறும். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் வரைந்து, நகர்த்தும்போது மற்றவற்றை வரையும் முறை இருக்கிறது. நொடிக்குப் பத்து முறை மாறும் எண்ணை எவரும் படிக்க இயலாது. சில நொடிக்கு ஒருமுறை மாறினால் போதும்.

இவையெல்லாம் பொறியாளர்களின் வேலை, சங்க நிர்வாகிகள் இவற்றில் தலையிடுவானேன் என்று சிலர் வினவலாம். எடைத் தராசைச் செய்பவர் கொல்லர்தான்; எனினும் முத்திரையிடாத தராசைச் சங்கம் வைத்துக்கொள்வதில்லை. தராசின் உள்ளமைப்பை அறியாதவரும் அதன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கக் கூடும். செலவு மிகும் என்று வேறு சிலர் கூறலாம். நாம் கேட்பவற்றுள் நேரக் குறி, வரியின் சாவி, காத்திருப்புக் குறி முதலியவை தொடக்கத்திலேயே அமைத்தால் சிறு உழைப்பில் முடிபவை. பின்னர்ச் சேர்ப்பதுதான் பெருஞ்செலவு. நெய்து முடித்த துணியில் கரை வைக்க முயல்வதைப் போன்றது அது.

ஆகையால் புதிய மென்பொருளை வாங்குமுன் நிர்வாகக் குழுவினர் தம் கண்ணெதிரே சில சோதனைகளை நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் திரையைப் பார்க்கட்டும். அது தன் நிலையை ஒப்புக்கொள்கிறதா என்பது விளங்கும். ஒருவர் ஒரு வரியில் எழுதிக்கொண்டிருக்கையில், மற்றொரு கணினியில் புதிய வரி சேர்க்கட்டும். எழுதிய எண் உரியவர் பெயரிலேயே நிற்கிறதா என்பது தெரியும். கூலி விகிதத்தை மாற்றிவிட்டுச் சென்ற மாதப் பட்டியலைத் திறக்கட்டும். ஒரு காசு மாறினாலும் அந்த மென்பொருளைத் திருப்பி அனுப்பட்டும். இரு கணினிகளில் ஒரே சிப்பம் நூலை ஒரே நேரத்தில் வழங்கிப் பார்க்கட்டும். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவரை அழைத்து, எழுதப்பட்டிருப்பது என்னவென்று படித்துச் சொல்லும்படி கேட்கட்டும். இச்சோதனைகளுக்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை; ஒரு பிற்பகல் போதும்.

இவை அனைத்திலும் தேறிய அட்டவணை நமக்குச் செய்யும் நன்மை சிறிதன்று. விலையைத் தரகர் வாய்மொழியாகவே அறிந்த நிலை மாறி, வயல் வரப்பில் நிற்பவரும் அறிந்துகொள்வார். கிடங்கில் நூல் உண்டா இல்லையா என்பதை நெசவாளர் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்வார். ஒரு நாள் உழைப்பு வீணாகாது. காரியதரிசி அறிந்ததை அதே நொடியில் கடைசி அங்கத்தினரும் அறிவார் என்பதைவிடக் கூட்டுறவுக்கு ஏற்றது வேறென்ன இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே நேரத்தில் என்பதே நம் இயக்கத்தின் நோக்கம். அந்நோக்கத்தை இக்கருவி கைகூடச் செய்யும், நாம் அதை உண்மை பேசப் பழக்கினால்.

வருகின்ற பொதுக்குழுக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை எழுப்ப வேண்டும். திரையில் காணும் எண் எத்தனை மணிக்கு உரியது என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்கலாம். அக்கேள்விக்கு உடனே விடை சொல்லும் சங்கத்தின் கணக்கை நாம் நம்பலாம். விடை சொல்ல இயலாத சங்கம், சுண்ணாம்புக் கட்டியையும் பழைய பலகையையும் இன்னும் சில காலம் வைத்துக்கொள்வதே சிலாக்கியம் என்பது நமது அபிப்பிராயம்.